என்னைக் கூப்பிடாத எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டார் என்று பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழுதாள். அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. அவரைப் பற்றிய முக்கியமான எதுவும் எனக்குப் பிறர் வழியாகத்தான் வரும். கடைசிச் செய்தியும் அப்படியே வந்தது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் பெண்கள் பள்ளியில் படித்த உங்களுக்கு அவர் கணக்கு டீச்சர். எனக்குப் பக்கத்து நாற்காலி. கணவரை இழந்து நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மற்றவர்கள் என் வெறும் நெற்றியைப் பார்த்து ஒதுங்க, அவர் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஆறிடும், சாப்பிடுங்க டீச்சர். துக்கத்த அப்பறம் படலாம்."

கழக ஆட்சி வந்த புதிதில், கூலித் தகராறில் ஒரு வருடம் நடவு நின்றது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. சேரியில் சில குடும்பங்கள் ஜெபத்துக்குப் போகத் தொடங்கின. எஸ்தர் டீச்சர் ஆள் பிடிக்கிறார் என்ற புகார் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. குழுவில் பாதிப் பேர் மிராசுதார்கள். என் மைத்துனரும் ஒருவர்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். விசாரணைக் கூட்டத்தில், புகாரில் எழுதியிருந்த, மதத்துக்கு ஆள் தேடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அகராதிப்படி அவர்களுக்கு விளக்கினேன். "இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு ஜெபப் புத்தகம்கூட நீட்டாதவர். அந்தச் சொல் இவருக்குப் பொருந்தாது. நான் உத்தரவாதம்" என்றேன்.

எஸ்தர் டீச்சர் எழுந்தார். "டீச்சர் பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. நான் வீடு வீடாப் போனேன். வாங்கன்னு கூப்பிட்டேன்."

மைத்துனர் சிரித்தார். "அண்ணி, ஒங்க உத்தரவாதம் மொத மழைக்கே கரைஞ்சிருச்சே!"

தாளாளர் அதட்டினார். "எங்க ஆளுங்கள எங்களக் கேக்காமப் பிடிப்பீங்களா?"

"பிடிக்கிறதுக்கு அவங்க என்ன கோழியா அய்யா? வெளியூர்லேருந்து நடவுக்கு லாரி வச்சு ஆள் பிடிச்சது நீங்க. நான் கூப்பிட்டேன். வந்தவங்க வந்தாங்க, வராதவங்க வரலைன்னாங்க."

அன்றே அவர் வேலை போயிற்று. பேருந்துக்கு நின்றபோது கேட்டேன்.

"எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சீங்க?"

"அந்தப் பேச்சு எடுத்தா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க டீச்சர். மத்தியானம் எனக்குப் பேசிச் சாப்பிட யாரு இருக்கா?"

இதை அன்பு என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சேரி முழுவதற்கும் தெரிந்ததை, அவருக்காக வாக்குக் கொடுத்தவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்.

பிறகு தரங்கம்பாடியிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கு வந்தது. கூடவே நலம் விசாரித்து ஒரு வரி. ஜெபத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்ததேயில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனால், சேரியில் கதவைத் திறந்த ஒவ்வொருவருக்கும் "வரலைங்க" என்று சொல்லும் மரியாதையை அவர் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

நான் ஒரு பதிலை ஆயத்தமாகவே வைத்திருந்தேன். பணிவான, பிழையில்லாத மறுப்பு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இனி அதைக் கேட்க ஆளில்லை.