திட்டத்தோடு பொருந்தாத உடம்பு

என் உடம்பு தேறாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? இன்றுவரை பதில் தெரியவில்லை.

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தேன். அந்த உடம்பைச் சேலத்தில் சிடி ஸ்கேன் (உள்ளுறுப்புகளைக் காட்டும் படம்) எடுத்துத்தான் கதிர்வீச்சுக்குத் திட்டம் போட்டார்கள். கதிர்வீச்சு அறையின் கூரையிலுள்ள கேமராக்கள் மார்பின் மேடுபள்ளத்தை ஒளியால் அளக்கும் (மேற்பரப்புப் படமெடுப்பு). மூச்சை இழுத்து நிறுத்தினால் இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும். திட்டத்திலுள்ள மார்பும் படுத்திருக்கும் மார்பும் பொருந்தினால்தான் கதிர் பாயும்.

“இதயத்துக்கு இத்தனை பாதுகாப்பு எதுக்குங்க டாக்டர்?”

“இருபது வருஷம் கழிச்சு இதயக் கோளாறு வரக்கூடாதில்லம்மா?”

அந்த இருபது வருடத்தை ராசிபுரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். என் மகளுக்கு நான்கு வயது.

காய்ச்சலால் சிகிச்சை சில வாரம் தள்ளிப்போனது. எங்களுடையது கோழிப்பண்ணை. அத்தை (கணவரின் அம்மா) விடவில்லை.

“இன்னொரு முட்ட தின்னு கண்ணு. மெஷினுக்குப் போறவ தெம்பாப் போக வேண்டாமா?”

“போதுங்கத்தை. நானே முட்ட போட்டுருவனாட்ட இருக்குது.”

“போடு, லாரில ஏத்தி உட்டர்லாம்.”

கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன். எடை கூடினால் சொல்ல வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

கதிர்வீச்சின் முதல் நாள் திரையில் என் மார்பு முழுக்கச் சிவப்பு; பொருந்தாத இடம் சிவப்பாகத் தெரியுமாம். கருவியை இயக்கும் பெண், “அக்கா, குண்டாயிட்டீங்களா? பழைய உடம்போட சேர மாட்டீங்குது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். புதுத் திட்டத்துக்காக மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

அதில் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தன. பயாப்ஸியில் (ஊசியால் சதை எடுத்துச் செய்யும் சோதனை) அதே நோய்.

“மார்புக்குக் கதிர் இப்ப வேண்டாம்மா. மருந்த மாத்தறோம். குணப்படுத்த முடியாது. கட்டுப்படுத்தப் பார்ப்போம்,” என்றார் டாக்டர். இதயத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது குளிக்கும்போது மார்பை விட்டுவிட்டு வலது விலாவின் கீழே கை வைத்துப் பார்க்கிறேன். வலியில்லை. வலியில்லாத இடத்தை நம்பத்தான் தெரியவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு அப்பால் எந்த விசேஷத்துக்கும் வருகிறேன் என்று சொல்வதில்லை.

ஒரு காலை அத்தை கேட்டார்: “நாந்தான் ஊட்டி ஊட்டி அதை வளத்துட்டனா சாமி?”

சாப்பாட்டால் வந்ததல்ல, முன்பே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தை நம்பவில்லை. சோறு போடும்போது அவர் கை தயங்கி நிற்கிறது. சில வேளை எனக்கும் நம்பிக்கை நழுவுகிறது. அது என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டார்களா? நம்பும்படி என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள். நான் இருக்கும்போதே அத்தையிடம் சொல்லிவிட வேண்டும்.