கீழிமையின் நிறம்

நர்சிங் முதலாண்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆளைப் பார்ப்பது. ஊசியெல்லாம் பிறகுதான். நகத்தைப் பார், நாக்கைப் பார், காலை அழுத்திக் குழி விழுகிறதா பார். கீழிமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பார். சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் ரத்தசோகை. எவ்வளவு சிவப்பு என்று யாருக்குத் தெரியும்? புத்தகத்தில் படம் கறுப்பு வெள்ளை. பக்கத்தில் இருக்கிறவள் கண்ணைப் பாருங்கள், அதுதான் நார்மல், மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டியூட்டர் சொல்லிவிட்டார்.

தேனியில் அந்த வகுப்பில் பாதிப்பேர் என்னைப் போன்றவர்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். என் பக்கத்திலிருந்தவளின் இமைக்குள் பலமுறை துவைத்த ரோஸ் ரிப்பனின் நிறம். அதைத்தான் நான் மனப்பாடம் செய்தேன். அவள் என்னுடையதை மனப்பாடம் செய்தாள்.

பொங்கல் லீவுக்கு, கம்பம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா தினமும் ஜீப் ஏறி, கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று இருக்கிறேன் என்றாள். படிக்கிற மகள் நான் எதற்கு இருக்கிறேன்? வெயிலில் உட்காரவைத்து, கை கழுவி, முறைப்படி இமையை இழுத்துப் பார்த்தேன். அப்படியே என் வகுப்புத் தோழியின் கண். ஒன்றுமில்லையம்மா என்றேன். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஜீப்பில் கூட வருகிற பெண்களையெல்லாம் அழைத்து வந்துவிட்டாள். அத்தனை பேரும் நார்மல். அப்படியொரு ஆரோக்கியமான ஊர் உலகத்திலேயே கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இரண்டாம் ஆண்டு வார்டில், உத்தமபாளையத்து வியாபாரி வீட்டம்மா ஒருவர் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். இமையை இழுத்ததும் எனக்குப் பகீரென்றது. உள்ளே அத்தனை சிவப்பு. கண்ணில் ஏதோ நோய் என்று வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அந்தம்மா நல்லாத்தான் இருக்காக. இதுதான் நார்மல். நீதான் வெளுத்துக் கெடக்க."

எனக்கு என் கண்ணைப் பற்றிய கவலை வரவில்லை. அம்மாவின் கண்தான் முன்னால் நின்றது. லீவு சொல்லிவிட்டு அன்றே பஸ் ஏறினேன்.

அம்மாவின் பாதம் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. இமையை இழுத்தேன். சுண்ணாம்பு. மறுநாள் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரத்தம் ஏற்ற வேண்டும், இருதயம் தளர்ந்துவிட்டது, உடனே சேருங்கள் என்றார் டாக்டர். காய் எடுப்பு முடியட்டும் என்றாள் அம்மா. இப்போது நின்றால் ஜீப்பில் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாளாம், பிறகு கிடைக்காதாம். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். எதற்கும் அசையவில்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

அடுத்த நாள் காலை ஜீப் ஹாரன் கேட்டது. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மொதத்தடவ பாத்துட்டு ஒண்ணுமில்லன்னியே, அன்னிக்கி எனக்கு ஏத்தத்துல மூச்சே வாங்கலத்தா. அதையே இன்னொருக்காச் சொல்லு."

ஜீப் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய் ஏறிக்கொண்டாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண்களுக்கும் விளையாட்டு வந்துவிட்டது. ஆளுக்கொரு விரலால் கீழிமையை இழுத்துக் காட்டினார்கள். ஒருத்தி விடாமல் வெளுப்பு. இப்போது எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

காய் எடுப்பு முடிவதற்குள் அதே ஜீப்பில்தான் அம்மாவைப் படுக்கவைத்து, தலைத்துண்டால் முகத்தை மூடிக் கொண்டுவந்தார்கள்.