மணலுக்கு வைத்த பலகை

எண்பதுகளின் கடைசியில் மொரீஷியஸின் கிழக்குக் கரையில் ஓட்டலுக்குப் பக்கத்தில் ஓட்டலாக முளைத்துக்கொண்டிருந்தது. மீன்கள் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் இடங்களை வரைபடத்தில் குறித்துவிட வேண்டும் என்று போர்ட் லூயிஸில் இருந்த எங்கள் மீன்வளத் துறை அலுவலகம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. குறித்த இடத்தில் தோண்டக் கூடாது, வலையும் போடக் கூடாது. குறிக்காத இடம் ஓட்டல்காரர் பாடு.

நான் தூத்துக்குடியிலிருந்து ஒப்பந்தத்தில் போனவன், கடல் உயிரியல் படித்தவன். அந்தக் கரை முழுவதற்கும் எனக்குக் கொடுத்த படகு இரண்டே நாளுக்குத்தான். ஒரு மாதம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் மன்றாடினேன். மீனவர்களைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள், இதற்கெல்லாம் முங்க வேண்டுமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்த படகோடு கிளம்பினேன்.

போன நேரம் தைப்பூச விரதம். மீனவர்களில் தமிழ் வம்சாவளிக்காரர் ஒருவர், படகைக் கரையேற்றிவிட்டு, கையில் மஞ்சள் காப்போடு உட்கார்ந்திருந்தார். பத்து நாள் மீனைத் தொடமாட்டார். அவருக்குத் தமிழ் கோயிலோடு சரி, எங்கள் பேச்சு கிரியோலில்தான். ஓரா மீன் எங்கே கூடும் என்று கேட்டேன். வடக்கே ஒரு திட்டைக் காட்டினார். விரதக் கையால் காட்டியவர் பொய் சொல்வாரா என்று நினைத்துவிட்டேன். அங்கே முங்கியபோது மணலும் நாலு கடல் அட்டையும்தான் கண்ணில் பட்டன. மீன் கூடும் நாள் இது இல்லை போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குறித்தேன். படித்த படிப்புக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டாம்.

வரைபடம் அச்சாகி ஐந்தாறு மாதம் இருக்கும். அவர் பஸ் பிடித்து என் அலுவலகத்துக்கு வந்தார். தெற்கே பவளப்பாறை பிளந்திருக்கும் வாய்க்காலை, ஓட்டலின் பெரிய படகுகள் வந்து போவதற்காக, இயந்திரம் வைத்துத் தோண்டுகிறார்களாம். ஓரா கூடுவது அங்கேதானாம். எதற்காக என்னிடம் வடக்கே காட்டினீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க குறிச்சா நான் அங்க வலை போட முடியாது, மிஸ்யே. மோ ஃபின் மாந்தி, பொய் சொன்னேன். அதுக்காக முருகனுக்கு இன்னொரு அலகு சேர்த்துக் குத்திக்கிட்டேன்.”

சாமியிடம் அவர் கணக்கை முடித்துவிட்டார். என் கோபத்தைத்தான் யார் மீது காட்டுவது என்று தெரியவில்லை. அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். தோண்டுவதையாவது நிறுத்துங்கள் என்று அவர் கேட்டார்.

மேலதிகாரியிடம் ஓடினேன். அச்சான வரைபடத்தை மாற்ற மறு ஆய்வு வேண்டும் என்றார். மறு ஆய்வுக்குப் படகு வேண்டும். படகு பழுது. விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். அதற்குள் வாய்க்காலைத் தோண்டி முடித்து, சேற்றைக் கரைக்கும் பாறைக்கும் நடுவே இருந்த லகூனிலேயே கொட்டிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் ஓரா வரவில்லை. வடக்கே மணல் திட்டில் மட்டும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று பெரிய பலகை நட்டார்கள். அதன் வாசகம் நான் எழுதியது.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் ஒருமுறை அந்தக் கரைக்குப் போனேன். அந்த மீனவர் ஓட்டல் சீருடையில், அடியில் கண்ணாடி பதித்த படகில், வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் இருப்பதால் ஓட்டல்காரர் அவர்களை வடக்குத் திட்டுக்குத்தான் அனுப்புகிறாராம். அங்கே போய் என்ன காட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“உங்க பலகையைக் காட்டுவேன், மிஸ்யே,” என்றார். “அப்புறம் மணலை.”