அடைத்த அறையில் நான்கு மரியாதைக்காரர்கள்

மூடிய அறைக்குள் மனிதர்களை உட்கார வைத்து, அவர்கள் எப்போது எரிச்சலாகிறார்கள் என்று வெளியே இருந்து குறித்துக்கொள்வது என் தொழில். விண்வெளிக்குப் போகிறவர்கள் குறுகிய இடத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்று தரையிலேயே தெரிந்துகொள்ளும் வழி அது. தண்ணீர்ப் பம்பு தயாரித்துச் சலித்துப்போன ஒரு முதலாளி, காரமடைப் பக்கம் மூடிக்கிடந்த நூற்பாலைக் கிடங்கில் அப்படி ஓர் அறை கட்டினார். நான்கு பேரை முப்பது நாள் அடைத்தோம். ‘குழுவினருக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று நான் அறிக்கை எழுதினேன்.

அந்த வரியைப் பல வருடங்களாக நானே நம்பவில்லை. ஆனால் அதை நம்பி, வரும் திங்கட்கிழமை வேறு நான்கு பேர் அதே அறைக்குள் தொண்ணூறு நாள் இருக்கப் போகிறார்கள். மேலதிகாரி “எப்படி இருக்கு?” என்றதும் “நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு, இருக்கைக்குத் திரும்பி மேஜையைக் குத்துகிறவரா நீங்கள்? அப்படியானால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

சாம்பாருக்கு ஒன்பது

தண்ணீர் ஊற்றினால் சாம்பாராகிவிடும் என்று ஒரு பொடிப் பொட்டலம் உள்ளே போனது. நால்வரில் ஒருவரான, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கந்தசாமி அதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்ததைக் கேமராவில் பார்த்தேன். சாயங்காலம் படிவத்தில் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, மூடி வைத்த சாம்பாருக்கு ஒன்பதா என்று கேட்டேன்.

“பொட்டலம் கட்டுன அம்மணிக்கு மனசு சங்கடப்படுமுங்க. அதுவுமில்லாம, சாம்பாரு நல்லாத்தானுங்க இருந்துச்சு, திங்கத்தான் முடியல.”

தீ விபத்து

தீப்பிடித்தால் ஒன்றரை நிமிடத்தில் நான்கு பேரும் சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து வெளியேற வேண்டும். ஒத்திகைக்காக அபாயச் சங்கை ஒலிக்கவிட்டேன். கந்தசாமியும், அவரைவிட நாலு வயது மூத்த கண் மருத்துவரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்தார்கள். “நீங்க போங்க.” “அட, நீங்க மொதல்ல போங்க.” “பரவாயில்லீங்க, நான் பொறகு வாரேன்.” ஒன்றரை நிமிடம் முடிந்தது. என் கணக்குப்படி நான்கு பேரும் கருகிவிட்டார்கள்.

நான் கத்தியபோது கந்தசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. “தீ புடிச்சா என்னங்க, பெரியவரை முந்திக்கிட்டு ஓடறதுக்கு நானென்ன அப்படி வளந்தவனுங்களா?”

வராத சண்டை

வெளிநாட்டிலிருந்து தருவித்த கையேட்டில், மூன்றாவது வாரம் குழுவுக்குள் சண்டை வரும் என்று இருந்தது. வரவில்லை. உள்ளே நான்கு பேரும் மெல்லப் பேசினார்கள். பிறகு பேச்சும் குறைந்தது. அதை நல்லிணக்கம் என்று எழுதிக்கொண்டேன். முதலாளிக்கு அதில் திருப்தியில்லை.

“ஏனுங்க, சண்டையே இல்லாட்டி இதை ஆராய்ச்சின்னு எவன் நம்புவான்? நாளைக்குள்ள ஒண்ணு மூட்டி உடுங்க.”

கந்தசாமி உட்கார்ந்த இடம்

மூட்டிவிடப் போனபோதுதான் கவனித்தேன். சண்டை போடும் தெம்பு யாருக்கும் இல்லை. ஸ்டெல்லா நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். போத்தனூர்க்காரர், கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை, குழுவின் தலைவி. கந்தசாமி, நாங்கள் சாப்பாடு தள்ளும் துவாரத்தில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. கரியமில வாயு அளவுகாட்டி சரியாகவே காட்டியது. அதை நாங்கள் சுத்தக் காற்று வருகிற வாய்க்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தோம், வேறென்ன காட்டும்? படுக்கைப் பக்கம் காற்று எப்படி என்று அங்கே படுக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டேன்.

“ஒண்ணும் பிரச்சனையில்லீங்க சார்,” என்றார் ஸ்டெல்லா. “நீங்க சாப்பிட்டீங்களா?”

போத்தனூர்

அதைத்தான் நான் அறிக்கையாக்கினேன். அன்று அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது. அந்த வசதியை மறைத்துவிட்டு இந்தக் கதையை எப்படிச் சொல்வது? போன வாரம் முதலாளியிடம், அளவுகாட்டியைப் படுக்கைப் பக்கம் மாற்றும்வரை யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றேன். “உள்ள இருந்த நாலு பேரும் நல்லா இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. வெளிய உக்காந்திருந்த உங்களுக்கு மட்டும் எப்படிங்க மூச்சு முட்டுது?” என்றார். உள்ளே இருந்தவர்களில் ஒருவராவது மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து ஸ்டெல்லா வீடு திரும்பும்வரை வாசலில் காத்திருந்தேன். காபி கொடுத்தார், சர்க்கரைப் பாகாக இருந்தது. “நல்லா இருக்குங்களா சார்?” என்றார். “பிரமாதங்க” என்றேன். காற்றைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்க சார் இப்போ? நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க.” தலைவலி உண்டா என்றேன். “லேசா இருந்துச்சுங்க. யாருக்குத்தான் இல்லை?” மரியாதை காப்பாற்றிக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நான்கு உயிர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லாவின் மகள், ஞாயிறு சிறப்பு வகுப்புக்குக் கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அவள் வாசலைக் கடக்கும்வரை பொறுத்துக் கேட்டேன்.

“இந்தப் புள்ளை அந்த நாலு பேர்ல ஒருத்தின்னா, அடுத்த வாரம் திங்கட்கிழமை உள்ளே அனுப்புவீங்களாம்மா?”