காஜாவும் கோணி ஊசியும்

உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்த கூடமொன்றில் எனக்கு வேலை இருந்தது. சண்டை முடிந்ததும் கூடத்தை மூடிவிட்டார்கள். பிறகு வேலை கேட்டு நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. அந்த அலைச்சலில்தான், ராயபுரத்தில் வசதியான பெண்கள் சிலர் கமிட்டி போட்டு, வேலையில்லாத பெண்களுக்குத் தையல் வகுப்பு தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். என்னையே டீச்சராக வைத்துக்கொண்டார்கள்.

அரிசி மண்டிக்கு மேலே ஒரு மாடிக் கூடம். நாலு மிஷின், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். துணி கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம் என்பதால் பழைய செய்தித்தாளில்தான் முதலில் வெட்டிப் பழக வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் துறைமுகத்திலும் மில்லிலும் உழைத்தவர்களின் பெண்கள். அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அல்லது அப்பாவே போயிருப்பார்.

ஒரு வருஷம் போவதற்குள் சட்டை, பாவாடை, ஜாக்கெட் எல்லாம் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். கமிட்டித் தலைவி அம்மாள் காரில் வந்து பார்த்துவிட்டு, "கைக்குட்டையில பூ போடச் சொல்லிக் குடுங்க. கண்காட்சியில வைக்கலாம்" என்றார்.

"இவங்களுக்கு வேலை வேணுமேம்மா. பூ போட்டா யாரு வேலை குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல நாலு பேர் கண்ணுல படட்டும். வேலை தானா வரும்" என்றார்.

வேலை தானாக வரவில்லை. மத்தியான வகுப்பு முடிந்ததும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் தைத்த சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் இறங்குவேன். தையலைப் புரட்டிப் பார்ப்பார்கள். நல்லா இருக்கு என்பார்கள். பிறகு, ஆம்பிளைங்க உட்கார்ந்து தைக்கிற இடத்தில் பொம்பளைப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று கேட்பார்கள். வெயிலில் திரும்பி நடப்போம். பையைக்கூட ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கிக்கொள்ள மாட்டோம்.

ஒரு பாய் மட்டும் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ரெடிமேட் சட்டை தைத்து விற்கிறவர்.

"டீச்சரம்மா, உள்ளதைச் சொல்றேன். மிஷின்ல ஒக்கார எனக்கு ஆள் இருக்கு. காஜா எடுக்கத்தான் ஆள் பத்தல. பட்டன் ஓட்டை ஒவ்வொண்ணையும் சுத்திக் கையாலதான் தைக்க வேண்டியிருக்கு. மூட்டையா கட்டித் தர்றேன், வூட்டுல வச்சு முடிச்சுக் குடுக்கட்டும்."

அன்றைக்கு டிராமில் ஏறி உட்கார்ந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு என் கால் வலி எனக்குத் தெரிந்தது. அதுவரை வலியைக்கூடக் கவனிக்கத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறேன்.

மூட்டை வந்தது. பெண்கள் பிரித்து எடுத்துப் போனார்கள். ஆனால் காசிமேட்டிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் வாங்கவில்லை. உயரமான பெண், கைகள் பெரியவை. வகுப்பில் ஊசியை அவ்வளவு உடைத்தவள் வேறு யாருமில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவுமில்லை. வீட்டில் போய்க் கேட்டேன். "ஆர்பருக்குப் போய்க்கினு கீறா. கோணி தைக்கிறா" என்றாள் அவள் தாய்.

கப்பலில் வந்து இறங்கும் கோதுமை மூட்டைகள் கிழிந்திருந்தால், துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். சாப்பாட்டு வேளையில் போய் வாசலில் நின்றேன். முடியெல்லாம் தூசி படிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இவ்ளோ தூரம்?"

"சட்டை தைக்கக் கத்துக்கிட்டு, இங்க வந்து சாக்கு தைக்கிறியே. கையில வேலையைக் குடுத்தேனே, ஏன் வேணாம்னுட்ட?"

அவள் சிரிப்பு போய்விட்டது.

"வூட்ல வச்சு செய்யணும்னீங்களே, எங்க வூட்ட பாத்தீங்க இல்ல? ஒரே ரூமு. நைனா இருமிக்கினே படுத்துக்கினு கீது. தம்பிங்க மேல வந்து வுழுதுங்க. வெள்ளைச் சட்டைய எங்க வைக்கிறது? ஒரு கறை பட்டா பாய் சும்மா வுடுவாரா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? மத்ததுங்க மூஞ்சியெல்லாம் அவ்ளோ குஷியா இருந்துச்சு. இங்க எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. தூசிதான். நாலு பேரோட பேசிக்கினு தைக்கிறேன். இந்த ஊசி உடைய மாட்டேங்குது" என்று விரல் நீளக் கோணி ஊசியைக் காட்டினாள்.

மற்றப் பெண்களின் வீடுகளையும் போய்ப் பார்த்தேன். எல்லாம் அதே கதைதான். ஒருத்தி தெருவிளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியின் மூட்டையில் மழைத் தண்ணீர் இறங்கி, சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். தையல் சொல்லிக்கொடுத்தால் போதும், வேலை வாங்கிக்கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். உட்கார ஓர் இடமும் வெளிச்சமும் வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

கமிட்டித் தலைவி அம்மாள் வீட்டுக்குப் போய், கூடத்தைக் காலையிலிருந்தே திறந்துவைக்கச் சொல்லிக் கேட்டேன். காலையில் அங்கே பாட்டு கிளாஸ் இருக்கிறதே என்றார். மறுபடி போனேன். மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும்; பாட்டு கிளாஸைத் தம் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கண்காட்சியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

கூடத்தில் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து காஜா எடுத்தார்கள். பாய் மூட்டையைக் கூட்டினார். அவர் சொல்லி இன்னொரு கடையும் வேலை கொடுத்தது. காசிமேட்டுப் பெண்ணிடம் போய், இப்போது இடம் இருக்கிறது, வா என்றேன்.

"வேணாம் டீச்சரம்மா, இங்கயே பழகிப்போச்சு. என் தங்கச்சிய அனுப்புறேன், அவளுக்குக் கை சின்னது" என்றாள்.

தங்கை வந்தாள். நன்றாகவே செய்தாள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் வேலை இருந்ததில்லை. புதிதாகப் படியேறி வந்தவர்களில் பாதிப் பேரை, இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவதே என் வேலையாகிவிட்டது. அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே என்று காலையில் எழுந்திருக்கவே மனசு வராது. அவர்களில் சிலரைக் காசிமேட்டுப் பெண் மேஸ்திரியிடம் சொல்லிக் கிட்டங்கியில் சேர்த்துவிட்டாள். என்னிடம் கேட்காமலே கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பாரம் குறைந்தாற்போலத்தான் இருந்தது.

பிறகு மண்டிக்காரர் மாடியைத் தம் சரக்குக்குக் கேட்டார். கமிட்டி வேறு இடம் தேடவில்லை. காஜாப் பெண்கள் தங்களுக்குள் சேர்ந்து தண்டையார்பேட்டையில் ஒரு தாழ்வாரத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். பாய் ஒரு பழைய மிஷினும் கொடுத்தார். எனக்குத் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கே போன முதல் வாரத்தில், சாயங்காலம் ராயபுரத்து வீட்டுக்குத் திரும்ப ரயிலில் உட்கார்ந்ததும், அத்தனை நாள் அலைச்சலும் சேர்ந்து இறங்கினாற்போலத் தூங்கிப்போய்விடுவேன். பக்கத்தில் இருக்கிற யாராவது தட்டி எழுப்பி, ராயபுரம் வந்துவிட்டது என்று சொல்லுவார்கள்.