கினிக்கு மயக்க ஊசி

எங்கள் ஊரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட மனிதர்களையே அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கரும்பு வண்டி ஏறி இடுப்பு நொறுங்கியவர், காசநோய்க்காரர், தென்னையிலிருந்து விழுந்தவர் என்று அவர்களுக்கு அதுவே அடையாளமாகிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டு எலிக்கு எக்ஸ்ரே எடுப்பதென்று ஏற்பாடானபோது, ஆட்கள் செய்த வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

உண்மையில் அது எலி இல்லை. அம்மாவின் தம்பி மெட்ராஸில் ஒரு மருந்து கம்பெனியில் கூண்டு கழுவும் வேலையில் இருந்தார். பொங்கலுக்கு வந்தபோது மஞ்சள் பையில் போட்டு அதை எனக்காகக் கொண்டு வந்தார். மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அங்கே அவற்றை வளர்ப்பார்களாம். இது தப்பித்து வந்துவிட்டது என்றார். தப்பித்ததா, இவர் தப்பிக்க வைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. முயல்குட்டி அளவு இருக்கும். பாதி வெள்ளை, பாதி பழுப்பு, வால் என்ற ஒன்றே கிடையாது. மாமா அதைக் கினி என்றார். அது கினிப்பன்றி என்ற இனத்தின் பெயர் என்று தெரியாமல் நான் அதையே அதற்குப் பெயராக வைத்துவிட்டேன்.

அப்போது நான் அதிகம் பேசாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர உள்ளேன் ஐயா என்று சொல்ல வாய் வராது. வீட்டிலும் தலையாட்டல்தான். கினியிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசினேன். அதைக் கேட்பதற்காகவே அம்மா கொட்டகைக்கு வெளியே கூடையோடு நின்றுகொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா புல்லறுத்துக்கொண்டு வரும் காலடிச் சத்தம் கேட்டால் கினி விசில் ஊதுவதுபோலக் கத்தும்.

கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த சவுக்கு விறகு ஒருநாள் சரிந்து அதன் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது உயிர் இருந்தது. ஆனால் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத் துணிபோல் பின்னால் வந்தன.

மாட்டு டாக்டர் வெளியூர்க்காரர், சின்ன வயது. பசுக்களுக்குச் சினை ஊசி போடக் கள்ளக்குறிச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். எதிர்வீட்டுப் பசுவுக்கு வந்தவரை அம்மா போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவர் கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கினியின் முதுகைக் கணுக் கணுவாகத் தடவிப் பார்த்தார். முதுகெலும்பு முறிந்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, வலியில் வைத்திருக்காமல் முடித்துவிடுவதுதான் நல்லது என்றார். இடுப்பு மட்டும் நழுவியிருந்தால் பிழைக்க வைக்கலாம். எது என்று போட்டோ எடுத்தால்தான் தெரியும், கையால் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். அங்கே இருக்கிற டாக்டர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து எடுத்துவிடலாம்.

வேலியோரம் கூடியிருந்தவர்களுக்கு இது போதாதா. எலிக்கு எக்ஸ்ரே என்றால் எங்கள் கோழிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுங்கள் சார் என்றார் எதிர்வீட்டுக்காரர். பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் இடம் கிடைக்காமல் அப்பாவோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு சீட்டு குடுக்க நாதி இல்ல. எலிக்கு போட்டோ புடிக்கப் போறாங்களாம்" என்றான்.

டாக்டர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த விஷயத்துக்கு வந்தார். படம் எடுக்கும்போது கினி அசையக் கூடாது. நான்கு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். ஆனால் அது திமிறினால், லேசாக விரிசல் விட்ட எலும்பாக இருந்தாலும் அங்கேயே முறிந்துவிடும். மயக்க ஊசி போட்டு எடுக்கலாம். ஆனால் அவரிடம் இருந்தது மாட்டுக்குப் போடுகிற மருந்து.

"மாட்டுக்கு எவ்வளவுன்னு தெரியும்மா. ஆட்டுக்குத் தெரியும். இதுக்கு எனக்குத் தெரியாது. ஒரு சொட்டு கூடினா எழுந்திரிக்காமலே போயிடலாம். எப்படிச் செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

அதுவரை எங்கள் வீட்டில் யாரையும் எந்த டாக்டரும் இப்படிக் கேட்டதில்லை. சட்டையைத் தூக்கு, நாக்கை நீட்டு, வெளியே போய் உட்கார், இவ்வளவுதான் நாங்கள் கேட்டிருந்தது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். கையில் அடங்குகிற பிராணிக்கு நான்கு பேர் எதற்கு, நான் ஒருவனே பிடித்துக்கொள்கிறேன், ஊசியெல்லாம் வேண்டாம் என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வேணாம் சார். கையைக் காலைப் புடிச்சிக்கினு பண்ணா, அது பொழைச்சாலும் மறக்காது. தூங்க வெச்சே பண்ணுங்க. எழுந்திரிக்கலைன்னா தூக்கத்துலியே போவட்டும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. முந்தின வருஷம் அம்மா ஊர்ப் பெண்களோடு வேனில் ஏறி, இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஆபரேஷன் செய்கிற முகாமுக்குப் போய் வந்திருந்தாள். அங்கே போட்ட மயக்க ஊசி அவளுக்கு வேலை செய்யவில்லை. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் பிடித்துக்கொண்டு செய்து முடித்தார்கள். நானே பிள்ளை பெற்று மருத்துவமனையில் கிடந்தபோதுதான் என் சித்தி இதைச் சொன்னாள்.

படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு மறுநாள் மறியல் என்று பேச்சு இருந்தது. மறியல் என்றால் காலையில் கொஞ்ச நேரம் கூட்டமாக ரோட்டில் உட்கார்வார்கள், போலீஸ் வந்ததும் கலைந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டாக்டரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காலையில் வந்து இங்கேயே ஊசி போட்டு, தூங்கியதும் கூடையில் வைத்து வண்டியில் கொண்டுபோகிறேன், தயாராக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தயாராக வைத்தாள். பொழுது சாய்ந்ததுமே கினியின் பெட்டியிலிருந்து புல், கீரை, தண்ணீர்க் கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மயக்க ஊசி என்றால் வெறும் வயிறு. முகாமில் அவளை முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். மறைத்து ஒரு இட்லி தின்றுவிட்டு வந்த பெண் மேசையிலேயே வாந்தியெடுத்து மூச்சு அடைத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். டாக்டர் சொல்ல மறந்துவிட்டால் நமக்குத் தெரியாதா என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலையில் அம்மாவின் காலடி கேட்டுக் கினி கத்தியது. நான் அழுதேன்.

"பசிக்குதும்மா அதுக்கு."

"பசிக்கட்டும். உயிர் பொழைக்கணும்னா கம்முனு இருக்கணும். நீயும் கம்முனு இரு."

டாக்டர் வரவில்லை. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் விடியுமுன்பே கோடாலியோடு போயிருந்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள், சிறுபாலத்தை உடைத்துவிட்டார்கள், உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரியெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று செய்தி வந்தது. பஸ் சத்தம் இல்லாமல் ஊர் செவிடாகிப் போனது. ஊற்ற வழியில்லாமல் பால் கேனிலேயே புளித்தது. எப்போதும் லாரிப் புழுதிக்குப் பின்னால் தெரிகிற கல்வராயன் மலை, எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இனி இன்றைக்கு வரமாட்டார் என்று தெரிந்த பிறகு, சாயங்காலம் அம்மா ஒரு கொத்து அகத்திக்கீரையை நீட்டினாள். கினி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி.

"தானே பட்டினி கெடக்குது பாரு. அதுக்கே தெரிஞ்சிருக்குது. நாளைக்கி கண்டிப்பா வந்துடுவாரு" என்று கீரையை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்தடுத்த நாளும் அதேதான். வழி விட்டுவிட்டார்கள் என்று காலையில் ஒருவர் சொல்வார். அம்மா பெட்டியைத் துடைத்துக் கூடையில் துணி விரித்து வைப்பாள். இன்னும் நான்கு மரம் வெட்டிவிட்டார்கள் என்று மத்தியானம் இன்னொருவர் சொல்வார். கினி கத்துவதை நிறுத்திவிட்டது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. பசியென்றால் வயிறு ஒட்டத்தானே செய்யும், இது ஏன் உப்புகிறது என்று அம்மா ஒருமுறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

சோறு தின்ன வந்த அண்ணனிடம், டாக்டரை மட்டும் விடச் சொல்லேன் என்று கெஞ்சினாள்.

"எலிக்கு டாக்டர் வராருன்னு சொன்னா என்னியத்தான் சாத்துவாங்க. ஆசுபத்திரிக்குப் போற ஆளுங்களே நடந்துக்கினு போறாங்க" என்றான். சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனான்.

ஒருநாள் காலையில் அப்பாவும் போய்ப் பார்த்தார். கினியைக் கூடையில் வைத்துச் சைக்கிளின் பின்னால் கட்டி, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பினார். மறியல்காரர்கள் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன்கள்தான். "இன்னா மாமா, கூடையில கருவாடா?" என்று கேட்டிருக்கிறார்கள். துணியை விலக்கிக் காட்டியதும் சிரித்துவிட்டு, வழிவிட மரத்துக் கிளையை ஒதுக்கக்கூட ஆரம்பித்தார்களாம். அதற்குள் போலீஸ் லாரி வந்துவிட்டது. எல்லோரும் கரும்புக்குள் ஓடினார்கள். சைக்கிளை இழுத்துக்கொண்டு அப்பாவும் ஓடினார். முழங்கால் சிராய்ப்போடு திரும்பி வந்தவர், கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானம், அம்மா ஈரத் துணியால் கினியின் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அது இறந்துபோனது. எப்போது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அம்மா துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

புதைக்கக் குழி வெட்டிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் வந்து சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் இல்லை, யாரிடமோ வாங்கிய சைக்கிள். ஒவ்வொரு மரத்துக்கும் அதைத் தோளில் தூக்கித் தாண்டியிருக்கிறார். சட்டை முழுக்கச் சேறு. ஊசிப் பெட்டியைத் துண்டில் சுற்றி முதுகில் கட்டியிருந்தார்.

அம்மா அவரைப் பார்த்ததும் அழவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள்போல் நின்றுகொண்டு சொன்னாள். "நீங்க எந்நேரம் வந்தாலும் ஊசி போடறாப்புலதான் சார் வெச்சிருந்தேன். ஒரு எலைகூடக் குடுக்கல. வெறும் வயிறாத்தான் வெச்சிருந்தேன்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பிறகு குனிந்து கினியைக் கையிலெடுத்தார். உப்பியிருந்த வயிற்றின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தார். அந்த விரல் முதுகுக்குப் போனது.

"முதுகெலும்பு போயிருக்கும்மா. விறகு விழுந்தப்பவே போயிருக்கு. ஊசி போட்டிருந்தாலும், போடலன்னாலும் இது பிழைச்சிருக்காது. நீங்க சரியாத்தான் பார்த்துக்கிட்டீங்க."

எனக்கு அந்த ஆளின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. போட்டோ எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது என்று இதே கொட்டகையில் உட்கார்ந்து சொன்னவர் இவர். இப்போது போட்டோ இல்லாமல் எப்படித் தெரிந்தது? அப்படியானால் அன்றைக்கே தெரிந்திருக்குமே, எதற்கு எங்களைக் காத்திருக்க வைத்தார்? பொய் சொல்கிறார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் வரவில்லை. நான் பேசிப் பழகிய ஒரே உயிரும் இப்போது குழிக்குள் போகப் போகிறதே.

பொய் சொன்னார் என்பது வரைக்கும் நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு என் மகளின் முயலைச் சங்கராபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, வெறும் வயிற்றோடு கொண்டுவர வேண்டுமா என்று கேட்டேன். ஐயோ, அப்படிச் செய்துவிடாதீர்கள், முயல், கினிப்பன்றி மாதிரிப் பிராணிகளுக்கு வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வேளைத் தீனி நின்றாலும் பிறகு தின்ன மறுத்து வயிறு உப்பிச் செத்துவிடும் என்றார் அவர். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். முயலுக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றேன்.

அன்று டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது, அம்மா தெரு முனை வரைக்கும் அவர் பின்னாலேயே போனாள். அங்கே அவரை நிறுத்தி, தன் வயிற்றைத் தொட்டு எதையோ கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அம்மா மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் தலையாட்டினார், இந்த முறை அவளைப் பார்க்காமல். அம்மா இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டாள். வந்ததற்குக் காசு வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது, அதற்குப்போய் இவ்வளவு பெரிய கும்பிடா என்று நான் வாசலில் நின்று அம்மாவின் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.