தங்கை போட்ட கையெழுத்தும் தோட்டத்தில் பதிந்த என் பெயரும்

கனடாவில் தனக்கிருந்த நிரந்தர வதிவிட உரிமையை என் தங்கை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும் மேசையில் வைத்துத்தான் விட்டுக்கொடுத்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள், "அக்கா, தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அம்மா வயதாகி வேலையை விட்டபோது நான் பள்ளியில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலையில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்விடும். மூத்தவள் என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யாவிடம் என் பெயரைப் பதிந்தார்கள். படிப்பை விட்டு நான் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். அவள் படித்தாள், நர்ஸ் ஆனாள், கனடாவுக்குப் போனாள். அவளொன்றும் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. கணக்கை என்னிடம்தான் கேட்டுப் படிப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன் திரும்பி வந்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம், பொகவந்தலாவை மலைக்குளிரில் பிறந்தவளுக்கு! இப்போது கடைவீதியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். அந்த உரிமைக்குக் கனடாவில் தங்கியிருக்க வேண்டிய அளவு நாட்கள் அவள் தங்கவில்லையாம். இனி முறைப்படி விட்டுக்கொடுத்தால்தான் சும்மா சுற்றிப்பார்க்கப் போகவாவது விசா கேட்கலாமாம்.

"பின்னாடி அங்கயே இருக்கணும்னு தோணுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"இந்த உரிமை திரும்பக் கிடைக்காதுக்கா. முதல்ல இருந்து அப்ளை பண்ணணும். நிச்சயமில்லதான். படிப்பும் அனுபவமும் கையில இருக்குல்ல, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம்! அந்தச் சொல்தான் என்னைக் கொளுத்தியது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட எனக்கு அப்படிச் சொல்ல வாய்க்கவில்லை. அம்மா வேறு, பெரிய ரொட்டியாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார்.

"நானும் நாளைக்குக் கண்டாக்கய்யாகிட்ட என் பேர வெட்டச் சொல்லப்போறேன்," என்றேன். "ஹட்டன் டவுன்ல ஏதாவது கடையில வேலை தேடிக்கிறேன். பாத்துக்கலாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கனடாவுக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு தேத்தண்ணி கேட்டவள், இப்போது கோப்பையைப் பாதியில் கீழே வைத்தாள்.

"விளையாடாதக்கா. உன் பேர வெட்டிட்டா வீட்ட எடுத்துருவாங்க. அப்புறம் நான் எங்க போறது?"

நீ எங்கே போவாய் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றேன். கண்டாக்கய்யா என் பெயரைக் கூப்பிட்டார். "வந்திருக்கேங்க," என்றேன். வீட்டில் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.